இடம் மாறிய இரு கிளைகள்

இன்று இசிஜி எந்திரமே தாளின் மேல்பகுதியில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது: எல்.பி.பி.பி. அல்லது ஆர்.பி.பி.பி. இதயத்துக்குள் மின்துடிப்பைக் கொண்டுசெல்லும் கற்றையின் இடது கிளை வேலை செய்யவில்லை, அல்லது வலது கிளை வேலை செய்யவில்லை என்று பொருள். ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து உண்டாகும் அடைப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை; இது மின்பாதையில் ஏற்படும் தடை. எந்திரம் சொல்லாவிட்டாலும் பாதகமில்லை. மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் மார்பில் வைக்கும் முதல் லீடான வி-1-ஐப் பார்த்து, கோடு அகலமாகக் கீழே இறங்கியிருந்தால் இடது, இரண்டு முனையாக மேலே எழும்பியிருந்தால் வலது என்று நொடியில் சொல்லிவிடுவார். இவ்வளவு எளிதான ஒன்றை 1910 முதல் 1930 வரை மருத்துவ உலகம் தலைகீழாகப் படித்துவந்தது. இடது கிளை கெட்டவரை வலது கிளை கெட்டவர் என்று எழுதினார்கள். பாடநூலில் அப்படியே அச்சிட்டார்கள். மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தார்கள். அரைகுறையாகப் படித்தவர்கள் செய்த பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வியன்னாவிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் அந்தத் துறையின் முதல் வரிசையில் இருந்தவர்களே அதைச் செய்தார்கள். நாயின் இதயத்தை வைத்து மனித இதயத்தைப் படித்ததால் வந்த வினை என்று வரலாறு எழுதுவோர் ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது என்பது என் வாதம். நாய் சொன்னது முழு உண்மை. நாய் சொல்லாத ஒன்றையும் அது சொன்னதாக எடுத்துக்கொண்டதும், அதை மறுத்த சாட்சிகள் வந்தபோது பத்தாண்டு காலம் காது கொடுக்காததும்தான் தவறு.

சண்டை மின்கோட்டைப் பற்றியது என்றாலும், பாதையைக் கண்டுபிடித்தவர்கள் கத்தியும் நுண்ணோக்கியும் பிடித்தவர்கள். 1839-இல் செக் நாட்டைச் சேர்ந்த புர்கின்யே, பிரெஸ்லாவில் பேராசிரியராக இருந்தபோது, ஆட்டின் இதயக் கீழறையின் உட்சுவரில் சாம்பல் நிறத்தில் வலைபோல் ஓடும் வழவழப்பான இழைகளைக் கண்டார். அவை எதற்கு இருக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. குருத்தெலும்பு வகையைச் சேர்ந்தவையோ என்றுகூட நினைத்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, கேம்பிரிட்ஜில் வால்டர் காஸ்கெல் ஆமையின் இதயத்தை எடுத்துக்கொண்டு, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் தசையைச் சிறிது சிறிதாக வெட்டிப் பார்த்தார். வெட்டு ஆழமாக ஆக, மேலறை இரண்டு முறை துடித்தால் கீழறை ஒரு முறை துடித்தது. பிறகு இரண்டும் தனித்தனியே தம் போக்கில் துடித்தன. துடிப்பு நரம்பு வழியாகவே கீழே இறங்குகிறது என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அது தசை வழியாகவே போகிறது என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் பாலூட்டிகளின் இதயத்தில் மேலறைத் தசையையும் கீழறைத் தசையையும் இடையில் ஒரு நார்வளையம் முற்றிலும் பிரித்துவைத்திருக்கிறது. அப்படியானால் துடிப்பு எந்த வழியாகக் கடக்கிறது? 1893-இல் லைப்சிகில் வில்ஹெல்ம் ஹிஸ் அந்த வளையத்தைத் துளைத்துச் செல்லும் மெல்லிய தசைக்கற்றை ஒன்றைக் கண்டு விவரித்தார். அதன் கீழ்முனை எங்கே போய் முடிகிறது என்பது மட்டும் தெளிவாகவில்லை.

அதைத் தெளிவாக்கியவர் ஜப்பானின் கியூஷூ தீவிலிருந்து வந்த சுனாவோ தவாரா. 1903-இல் ஜெர்மனியின் மார்பூர்க் நகரில் லுட்விக் அஷோஃப் என்ற நோய்க்குறியியல் பேராசிரியரிடம் சேர்ந்தார். பருத்துப்போன இதயம் ஏன் கடைசியில் ஓய்ந்துபோகிறது, தசையின் அழற்சிதான் காரணமா என்பது பேராசிரியர் கொடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்குப் பெரிய விடை கிடைக்கவில்லை. ஆனால் தேடும்போது தவாரா ஹிஸ்ஸின் கற்றையைப் பிடித்துக்கொண்டார். இதயத்தை மெழுகில் பதித்து, மயிரிழைபோன்ற சீவல்களாகத் தொடர்ச்சியாக வெட்டி, சாயமேற்றி, ஒவ்வொரு சீவலிலும் கற்றை இருக்கும் இடத்தைக் குறித்து, அடுத்த சீவலில் அது எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்க்கும் வேலை. ஒரு சீவல் கிழிந்தாலோ வரிசை தப்பினாலோ தடம் தொலைந்துவிடும். மனிதர், நாய், பூனை, ஆடு, கன்று என்று பல இதயங்களில் இதைச் செய்து, மேலறையின் அடியில் ஒரு முடிச்சையும், அதிலிருந்து இறங்கும் கற்றையையும், அது வலது இடது என இரண்டாகப் பிரிவதையும் கண்டார். வலது கிளை மெல்லிய கயிறுபோல் தனித்து ஓடி எதிர்ப்பக்கச் சுவருக்குத் தாவுகிறது. இடது கிளை உட்சுவரின் அடியில் விசிறியாக விரிகிறது. இரண்டும் வழியில் சுற்றியுள்ள தசையோடு ஒட்டாமல் நாருறைக்குள் பயணம் செய்து, கடைசியில் புர்கின்யே கண்ட அதே இழைகளாக முடிகின்றன. அறுபத்தேழு ஆண்டுகளாக வேலை என்னவென்று தெரியாமல் கிடந்த இழைகளுக்கு அன்றுதான் வேலை கிடைத்தது. வேர், தண்டு, கிளை, இலை என்று ஒரு மரமாகவே தவாரா இதை விவரித்தார். 1906-இல் அவருடைய நூல் யேனா நகரில் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் ஸ்காட்லாந்துக்காரரான ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற மாணவரோடு சேர்ந்து, துடிப்பு முதலில் பிறக்கும் முடிச்சை அடுத்த ஆண்டு அறிவித்தார். மின்கோட்டைப் பற்றிய அடுத்த இருபது ஆண்டுச் சச்சரவில் எந்த ஒரு கட்டத்திலும் தவாராவின் வரைபடத்தைத் திருத்த வேண்டிய தேவை வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே ஆண்டுகளில் ஹாலந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐன்தோவன் தன் கம்பிக் கால்வனாமீட்டரைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தார். வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழை ஒன்று வலுவான மின்காந்தத்தின் நடுவே தொங்கும். இதயத்தின் மின்னோட்டம் அதை அசைக்கும். அசைவின் நிழல் நகரும் ஒளிப்படத் தகட்டில் விழும். கருவி கிட்டத்தட்ட 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி உட்கார வேண்டும். கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிப்போக முடியாததால், சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து நோயாளியின் துடிப்பை ஆய்வகத்துக்கு வரவழைத்தார்கள். வலது கை, இடது கை, இடது கால் ஆகிய மூன்றையும் இரண்டிரண்டாக இணைத்தால் மூன்று லீடுகள் வரும். 1930கள் வரை மருத்துவருக்குக் கிடைத்த சாளரம் இந்த மூன்றுதான். மார்பின் மேல் மின்வாய் வைப்பது பிறகு வந்த வழக்கம்.

வியன்னாவில் ஹான்ஸ் எப்பிங்கரும் கார்ல் ரோத்பெர்கரும் தவாராவின் வரைபடத்தையும் ஐன்தோவனின் கருவியையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். உயிருள்ள நாயின் இதயத்தில், தவாரா காட்டிய இடத்தில், ஒரு கிளையை மட்டும் அறுத்தார்கள். 1910-இல் முடிவை வெளியிட்டார்கள். கிளை அறுந்ததும் கீழறையின் மின்கோடு அகன்றது. உருவமும் திசையும் மாறின. வலதை அறுத்தால் ஒரு திசை, இடதை அறுத்தால் எதிர்த்திசை. அழகான சோதனை, தெளிவான விடை. அதே ஆண்டில் எப்பிங்கர், ஓஸ்கர் ஸ்டோர்க்கோடு சேர்ந்து, மனித நோயாளிகளிடம் இத்தகைய கோட்டை அடையாளம் கண்டு பிரேதப் பரிசோதனை விவரத்தோடு எழுதினார். அதோடு மனிதருக்கும் இலக்கணம் எழுதியாயிற்று என்ற நிலை வந்தது. (இந்த எப்பிங்கர்தான் பிற்காலத்தில் டாஹாவ் வதைமுகாமில் கைதிகளுக்குக் கடல்நீர் குடிக்கக் கொடுத்த சோதனையில் பங்குபெற்று, 1946-இல் தற்கொலை செய்துகொண்டவர். நாயின் இதயத்தில் அவர் காட்டிய நேர்த்தியைப் பாராட்டும்போது இதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.)

இங்கேதான் பிரித்துப் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துபோயின. கோட்டின் அகலம் இதயத்துக்குள்ளேயே தீர்மானமாகும் ஒன்று. கற்றை வழியாகத் துடிப்பு வேகமாக ஓடும். சாதாரணத் தசை வழியாக அதைவிட மிக மெதுவாகத்தான் ஊர்ந்து போகும். ஒரு கிளை கெட்டால் அந்தப் பக்கத்துக் கீழறை, அடுத்த பக்கத்திலிருந்து தசை வழியாக ஊர்ந்து வரும் துடிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே நேரம் கூடும், கோடு அகலும். இசிஜித் தாளில் ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி, மூன்று கட்டம், அதாவது 0.12 வினாடி எட்டினால் முழுத்தடை என்பது இன்றைய அளவுகோல். நாயானாலும் மனிதரானாலும் இந்தத் தத்துவம் மாறாது. கோட்டின் திசை அப்படிப்பட்டதல்ல. இதயம் மார்புக்கூட்டுக்குள் எந்தக் கோணத்தில் தொங்குகிறது, மின்வாயை உடம்பில் எங்கே வைத்தோம் என்ற இரண்டையும் பொறுத்தது அது. நாயின் மார்பு ஆழமானது, பக்கவாட்டில் ஒடுங்கியது. மனித மார்பு அகலமானது, முன்பின் தட்டையானது. போதாக்குறைக்கு, வியன்னாக்காரர்கள் நாய்க்கு மின்வாய் வைத்தது உணவுக்குழாயிலும் மலவாயிலும். மனிதரிடமோ கைகளிலும் காலிலும். அகலத்தைப் பற்றி நாய் சொன்ன சாட்சியம் மனிதருக்கும் செல்லும். திசையைப் பற்றிச் சொன்னது அந்த நாய்க்கும் அந்த மின்வாய்க்கும் மட்டுமே செல்லும். ஒரே சோதனையில், ஒரே படத்தில் இரண்டும் சேர்ந்து வந்ததால், ஒன்றின் நம்பகத்தன்மை மற்றொன்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் தாமஸ் லூயிஸ் இந்தப் பெயரிடலை ஏற்றுக்கொண்டதும் அது சட்டமாகிவிட்டது. 1911-இலும் மறுபடி விரிவாக 1920-இலும் வந்த அவருடைய நூல்கள்தான் ஆங்கிலம் படித்த இதய மருத்துவர்களுக்கு வேதம். அவரும் நாய்களில் கிளைகளை அறுத்துப் பார்த்தவர். வேறு எவரையும்விடக் கவனமாகப் பார்த்தவர். அதனால்தான் யாரும் சந்தேகப்படவில்லை. இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. மனிதரிடம் அடிக்கடி கண்ட வடிவத்துக்கு ‘வலது கிளைத்தடை’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். தவாராவின் வரைபடத்தைப் பார்த்தால் வலது கிளைதான் ஒற்றைக் கயிறாக, நீளமாக, தனித்து ஓடுவது. சிறு புண்ணும் அதைத் துண்டித்துவிடும். விசிறியாக விரிந்த இடது கிளை முழுவதும் கெட வேண்டுமென்றால் பெரிய சேதம் வேண்டும். ஆகவே வலது கிளைத்தடை அதிகம், இடது குறைவு என்ற கணக்கு இயல்பானதாகவே பட்டிருக்கும். தவறான பெயருக்குச் சரியான உடற்கூறியல் முட்டுக்கொடுத்து நின்றது.

1920-இல் இரண்டு எதிர்க்குரல்கள் வந்தன. ஒருவர் மின்னியாபொலிஸின் ஜார்ஜ் ஃபார். கைகால்களின் மூன்று லீடுகளை ஒரு முக்கோணமாக வகுத்த 1913-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஐன்தோவனோடு சேர்ந்து எழுதியவர் அவர்; மின்திசைக் கணக்கு அவருக்குக் கைவந்த கலை. அவருடைய தர்க்கம் நேரானது. ஒரு பக்கத்துக் கீழறைக்குத் துடிப்பு தாமதமாகப் போகிறது என்றால், கோட்டின் கடைசிப் பகுதி அந்தப் பக்கத்தை நோக்கித்தான் சாய வேண்டும். அடிக்கடி காணும் வடிவத்தில் முதல் லீடில் கோடு அகலமாக மேலே நிற்கிறது, அதாவது இடப்பக்கம் சாய்கிறது. அப்படியானால் கடைசியில் தூண்டப்படுவது இடது கீழறை. கெட்டது இடது கிளை. பெயர்களை மாற்றிப் போடுங்கள் என்றார். நியூயார்க்கின் ஓப்பன்ஹைமரும் பார்டியும் கத்தி வழியாக அதே இடத்துக்கு வந்தார்கள். இத்தகைய கோடு இருந்த இரண்டு நோயாளிகளின் இதயத்தை இறப்புக்குப் பின் ஆராய்ந்ததில், சேதம் இருந்த இடம் நடைமுறையில் இருந்த பெயருக்குப் பொருந்தவில்லை. கணக்கும் கத்தியும் ஒரே ஆண்டில், ஒருவரை ஒருவர் சாராமல், ஒரே பக்கம் கை காட்டின.

பிரேதப் பரிசோதனைச் சாட்சியம் அன்று அவ்வளவு தெளிவாக இருக்கவில்லையே என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது நியாயமான மறுப்பு. வயதானவரின் இதயத்தில் நார்ப்பிடிப்பு ஒரு கிளையோடு நிற்பதில்லை. பெரும்பாலும் இரண்டு கிளையிலும் ஏதாவது இருக்கும். தவாரா செய்ததுபோல் தொடர்சீவல் போட்டுக் கடைசிவரை தடம்பிடிக்க எந்த மருத்துவமனைக்கும் பொறுமையோ ஆளோ கிடையாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டிப் பார்த்துவிட்டு, தனக்குப் பிடித்த முடிவுக்குச் சான்று கண்டவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் இந்த மறுப்பை முழுதாக ஒப்புக்கொண்டாலும் லூயிஸ் பக்கத்துக்கு வெற்றி கிடைக்காது. சாட்சியம் குழப்பமாக இருந்தால் தீர்ப்பை ஒத்திவைக்க வேண்டும். ‘ஒரு கிளைத்தடை, எந்தக் கிளை என்பது இன்னும் முடிவாகவில்லை’ என்று எழுதியிருக்கலாம்; அகலம் மட்டும் தெரிந்தால் அவ்வளவுதான் சொல்ல முடியும். குழப்பமான சாட்சியத்தைக் காட்டி எதிர்த்தரப்பை மட்டும் நிராகரித்துவிட்டு, பழைய பெயரை உறுதியான உண்மைபோல் அச்சிட்டுக்கொண்டே போனதை அது நியாயப்படுத்தாது. லூயிஸோ 1920களின் நடுவில் மின்கோட்டு ஆய்வையே விட்டுவிட்டுத் தோலின் ரத்தக்குழாய்கள் பக்கம் போய்விட்டார். வழக்கை மறுபடி விசாரிக்கக்கூடிய தகுதி கொண்டவர் களத்தில் இல்லாமல், அவருடைய பாடநூல் மட்டும் நின்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது.

முடிவு வந்தது மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில். ஃபிராங்க் வில்சனின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பார்க்கரும் மக்லவுடும், ஜான் அலெக்ஸாண்டர் என்ற மார்பு அறுவை மருத்துவரும், அறுவையில் இதயம் வெளியே தெரிந்த நோயாளி ஒருவரிடம் ஒரு சோதனையைச் செய்தார்கள்; அது 1930-இல் வெளியானது. கீழறைகளின் மேற்பரப்பில் வெவ்வேறு புள்ளிகளை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, கைகால் லீடுகளில் கோட்டைப் பதிந்தார்கள். வலது கீழறையைத் தூண்டியபோது வந்த கோடு, இருபது ஆண்டுகளாக ‘வலது கிளைத்தடை’ என்று அழைக்கப்பட்டதை ஒத்திருந்தது. வலது கீழறை முதலில் தூண்டப்பட்டால் கடைசியில் தூண்டப்படுவது இடது. எனவே அந்தக் கோடு இடது கிளை கெட்டதன் அடையாளம். இதற்கு நாய் வேண்டியதில்லை, நுண்ணோக்கியும் வேண்டியதில்லை. வில்சனும் குழுவினரும் 1932-இலும் 1934-இலும் மார்பின் மேல் நேராக மின்வாய் வைத்து, எந்தப் பக்கத்துக்குத் துடிப்பு பிந்தி வருகிறது என்று அளந்து காட்டினார்கள். 1938-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் இதயச் சங்கங்கள் மார்பு லீடுகளின் இடங்களை ஒருமித்து வகுத்தன. மாணவர் இன்று நொடியில் பார்க்கும் வி-1 அப்படி வந்தது.

நாயைக் கொன்று கற்ற பாடமே பொய்யாகிவிட்டதே, பிறகு அந்தச் சோதனையால் என்ன லாபம் என்று கேட்போருக்கு: கிளை அறுந்தால் கோடு அகலும் என்பதை 1910-இல் வேறு எந்த வழியிலும் நிறுவியிருக்க முடியாது. அது இல்லாமல் ஃபாருக்குக் கணக்குப் போட ஒன்றும் இருந்திருக்காது. இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று இருக்கிறது. அன்று எந்தக் கிளை கெட்டாலும் சிகிச்சை கிடையாது; உடம்பில் பொருத்தும் முதல் பேஸ்மேக்கரே 1958-இல் ஸ்டாக்ஹோமில்தான் வந்தது; ஆகவே பெயர் மாறியதால் யாருக்கு என்ன நட்டம்? சிகிச்சையில் நட்டம் இல்லை என்பது சரி. ஆனால் மருத்துவர் நோயாளிக்குத் தருவது சிகிச்சை மட்டுமல்லவே. இனி என்ன ஆகும் என்ற கணிப்பையும் தருகிறார். இடது கிளைத்தடை பெரும்பாலும் ரத்தக்கொதிப்பு, வால்வுக் கோளாறு, இதயத்தமனி நோய் போன்ற ஏதோ ஒன்றின் நிழலாக வருவது. வலது கிளைத்தடையோ வேறு எந்தக் குறையும் இல்லாதவரிடமும் காணக்கிடைப்பது. பெயரே மாறிக் கிடந்தபோது இந்த வேறுபாட்டைத் திரட்டிப் பார்க்க வழியில்லை. வலது கிளைத்தடை மனிதரிடம் எடுக்கும் வழக்கமான உருவமே, முதல் லீடில் அகன்ற எஸ் அலையோடு வருவது, 1934-இல் வில்சன் குழு எழுதிய பிறகுதான் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. பயப்படத் தேவையில்லாத ஒரு பெருங்கூட்டம் அதுவரை சரியான பெயர் இல்லாமலே இருந்தது.

பிறகு வந்த காலம் இந்த வேறுபாட்டின் மதிப்பை ஏற்றிக்கொண்டே போயிற்று. புவனோஸ் ஐரஸில் மவுரிசியோ ரோசன்பாமும் சகாக்களும், சாகஸ் நோய் இதயத்தைத் தின்னும் ஒரு நாட்டில், இடது கிளையின் உட்கிளைகள் தனித்தனியே கெடுவதை 1960களின் கடைசியில் பிரித்துக் காட்டினார்கள். 1969-இல் ஷெர்லாக் குழுவினர், ரத்தநாளம் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, உயிருள்ள மனிதரிடம் ஹிஸ்ஸின் கற்றையிலிருந்தே துடிப்பைப் பதிவுசெய்தார்கள். 1990களில் பிரான்சில் செர்ஜ் காசோ முதலியோர் இதயத்தின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தூண்டும் பேஸ்மேக்கரைத் தொடங்கிவைத்தனர். பலவீனப்பட்ட இதயம், அதோடு இடது கிளைத்தடை, கோட்டின் அகலம் 0.15 வினாடிக்கு மேல் என்று இருப்பவர்களுக்கு அது நன்றாகப் பலன் தருகிறது; வலது கிளைத்தடைக்காரர்களுக்கு அந்தப் பலன் மிகக் குறைவு. சீனாவின் வென்சோவில் ஹுவாங் வெய்ஜியான் குழு 2017-இல் இன்னும் ஒரு படி போய், இரு கீழறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரைத் திருகாணிபோன்ற மின்முனையால் துளைத்து, கெட்ட இடத்துக்கு அப்பால் இடது கிளையையே நேராகத் தூண்டியது. 1920-இல் காகிதத்தில் ஒரு சொல்லாக மட்டும் இருந்த இடதும் வலதும் இன்று யாருக்கு எந்தக் கருவி என்பதைத் தீர்மானிக்கின்றன.

என் தீர்ப்பு இதுதான். 1910 முதல் 1920 வரையிலான பிழையை மன்னிக்கலாம்; மூன்று லீடுகளையும் ஒரு நாயையும் வைத்துக்கொண்டு யார் இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பார்கள். 1920-க்குப் பிந்திய பத்தாண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஃபாரின் கணக்கும் ஓப்பன்ஹைமர், பார்டி கண்ட இதயங்களும் அச்சில் இருந்தன. பழைய பெயரை அடியோடு மாற்ற அவை போதாமல் இருந்திருக்கலாம். சந்தேகக் குறி போடத் தாராளமாகப் போதும். பழைய மருத்துவ இதழ்களைப் புரட்டும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 1930களின் தொடக்கத்துக்கு முந்திய கட்டுரையில் ‘வலது கிளைத்தடை’ என்று இருந்தால், எண்ணிக்கையை எடுத்தாளும் முன் அதன் மின்கோட்டுப் படத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதல் லீடில் கோடு அகலமாக மேலே நின்றால் அது இடது.